ஒரு நாள் முந்திய பிளெண்டர்

ஒன்பது வருடம் ஓடியதில் மரகதமணி வீட்டு பிளெண்டர் ஒரு நாள் முந்திப் போயிருந்தது. இன்றைக்குப் பப்பாளியைப் போட்டு அரைத்தால், நாளைக்கு எதைப் போடப்போகிறார்களோ அந்த ஸ்மூத்தி வரும். வாங்கிய புதிதில் போட்டதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வருடம் லேசாக முந்த ஆரம்பித்தது. பேரீச்சம்பழத்தை டப்பாவிலிருந்து எடுப்பதற்குள் ஜாரில் பேரீச்சம்பழ வாசம் வந்துவிடும். ஐந்தாவது வருடம் பிளேடு மாற்றினார்கள், அதிலிருந்து அரை நாள். அப்புறம் அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்தது, ஒரு நாளில் வந்து நின்றுகொண்டது. பொருள் பழசானால் அப்படித்தான். எதிர்வீட்டுச் சம்பூரணம் அக்காவின் பிளெண்டர் நாலு மணி நேரம்தான் முந்துகிறது என்பதில் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மரகதமணியின் கணவர் நாச்சிமுத்து கோபியில் விதைக்கடை வைத்திருந்தார். அவருக்கு இது சௌகரியமாகவே இருந்தது. காலையில் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நாளைக்கு மாதுளை, புள்ள" என்பார். சாயங்காலம் மாதுளையோடு வருவார். என்ன பழம் வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையே இல்லை. வந்ததை மறுநாள் போட்டுவிட வேண்டும், அதுதான் வீட்டு முறை. ஒரே ஒரு தடவை, அன்னாசி வந்ததற்கு மறுநாள், அவர் வீம்புக்கு எதுவும் வாங்காமல் வெறும் ஜாரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சம்பூரணம் அக்கா ஒரு தட்டு அன்னாசியோடு உள்ளே வந்து, பேச்சு மும்முரத்தில் அதை ஜாருக்குள் கொட்டிவிட்டு வெறுந்தட்டோடு போனார். அதற்கப்புறம் நாச்சிமுத்து வீம்பு பண்ணவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை செவ்வாழையும் பாலும் போட்டு அரைத்தார்கள். பச்சையாக வந்தது. நாச்சிமுத்து ஒரு மடக்கு குடித்தார். இருமல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

"கொய்யா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பச்சமொளகா. உப்பு."

கொய்யாவையும் பச்சை மிளகாயையும் சேர்த்து அரைத்துக் குடிக்கிற ஒரே ஜீவன் அவர்கள் மகள் வினோதினி. இரண்டு வருடத்துக்கு முன்னால் வங்கி வேலையை விட்டுவிட்டு, புனேயில் நாய்களைப் பழக்கும் வேலைக்குப் போகிறேன் என்றாள். "நாயிக்கு உக்காரச் சொல்லிக் குடுக்கவா உன்னய எம்.காம் படிக்க வெச்சேன்?" என்று நாச்சிமுத்து ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். அன்றைக்குப் பையைத் தூக்கியவள் வரவே இல்லை. ஞாயிறானால் அம்மாவோடு போனில் பேசுவாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அவள் பேசி முடிக்கும்வரை நாச்சிமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மரகதமணிக்கு இரண்டு பேர் மேலும் கோபம். கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம்.

"பாப்பா நாளைக்கு வாராளுங்க," என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஜாரைக் கழுவி வைத்தாள்.

நாச்சிமுத்து அதற்குள் மஞ்சள் பையோடு வாசலுக்குப் போயிருந்தார். "அரைக் கிலோ கொய்யா போதுமா?"

"நில்லுங்க. நீங்க வாங்கியாந்தீங்கன்னா நாளைக்கு நாமளே போட்டுருவோம். நாமளே போட்டுட்டா அவ எதுக்கு வரோணும்?"

நாச்சிமுத்து யோசித்தார். நியாயமான பேச்சு. நாளைக்கு ஜாரில் கொய்யா விழும் என்பதோடு பிளெண்டரின் வேலை முடிந்தது. யார் கை என்று அது பார்ப்பதில்லை. மகள் வந்துதான் தீர வேண்டுமென்றால், வேறு எந்தக் கைக்கும் அந்த வீட்டில் கொய்யா சிக்கக் கூடாது. பையை ஆணியில் மாட்டினார்.

அன்று முழுக்க வீட்டைச் சுத்தம் செய்தார்கள். பிரிட்ஜில் இருந்த பச்சை மிளகாய் சம்பூரணம் அக்கா வீட்டுக்குப் போனது. தொட்டியில் காய்த்துக்கொண்டிருந்த மிளகாய்ச் செடியையும் நாச்சிமுத்து இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே இறக்கினார். எதற்கு வம்பு என்று உப்பு ஜாடியையும் கொடுத்துவிட்டு, மத்தியானம் உப்பில்லாத ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்கள். காய்கறி வண்டிக்காரம்மா கொசுறாக நாலு மிளகாயைப் போட்டுவிட்டுப் போக, நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைவரை ஓடித் திருப்பிக் கொடுத்தார். கொய்யா சீசன் வேறு. கடைக்கு வந்த ஒரு விவசாயி பிரியமாக ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்திருந்தார். "எனக்கு ஆகாதுங்க" என்று, இருபது வருடமாக அதே மரத்துக் கொய்யாவைத் தின்ற நாச்சிமுத்து கூசாமல் சொன்னார்.

சாயங்காலம் சம்பூரணம் அக்கா ஒரு தட்டு கொய்யாவோடு வந்தார். மரகதமணி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஏனம்மிணி, என்ற மரத்துக் காயி உங்களுக்கு ஆகாதா?"

"நாளைக்கு முடியறவரைக்கும் ஆகாதுங்கக்கா."

"அப்படியா, செரி," என்று அக்கா தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே இருவரும் சமையலறையில் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் பிளெண்டர். நாச்சிமுத்து கடை திறக்கவில்லை. எட்டு மணி ஆனது, பத்து ஆனது. ஈரோட்டு ரயில் வந்து, பஸ்ஸும் வந்து போயிருக்கும். பிளெண்டர் பொய் சொல்லாது, அது தெரியும். வேறு எவராவது கொய்யாவோடு நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் மரகதமணி எழுந்து எழுந்து போய் வாசலைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டின் பையில் கொய்யா வாசம் அடித்தது. ஜன்னல் கம்பி வழியாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

"பொழுது இன்னும் கெடக்குது புள்ள," என்றார் நாச்சிமுத்து. அது அவருக்கே அவர் சொல்லிக்கொண்டது.

மூன்றரை மணிக்கு கேட் திறந்தது. வினோதினி கல்லூரியிலிருந்து திரும்புகிறவள் மாதிரி நேரே உள்ளே வந்து, பையை இறக்கி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

"அம்மா, கொய்யா எங்க?"

"இல்ல கண்ணு."

"பச்சமொளகா?"

"அதும் இல்ல."

"உப்பாச்சு இருக்குதா?"

மரகதமணி இல்லையென்று தலையாட்டினாள்.

"நா வரப்போறது நேத்தே தெரிஞ்சிருக்குமே," என்றாள் வினோதினி. அவள் முகம் சிறுத்துவிட்டது. "தெரிஞ்சும் ஒண்ணும் வாங்கி வெக்கல. நா எதுக்கு வந்தேன்?" பையின் வாரை மறுபடி தோளில் மாட்டினாள்.

"உக்காரு பாப்பா," என்றார் நாச்சிமுத்து. இரண்டு வருடத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் சொல் அதுதான். வினோதினி தினம் நூறு முறை நாய்களிடம் சொல்லும் சொல்லும் அதுதான். அவர் அதட்டாமல், கெஞ்சாமல், சரியான குரலில் சொல்லியிருந்தார். அவள் உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்து செருப்பில்லாமல் தெருவில் இறங்கினார். வேட்டி முந்தியை ஏந்திக்கொண்டு சம்பூரணம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ற புள்ள வந்துருக்குதுங்கக்கா. ரெண்டு கொய்யா குடுங்க. அந்த மொளகாயும், உப்பும்."

"புள்ளைக்கு இப்ப என்ன வேலைங்க?"

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "வாத்தியாருங்க," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நாயிகளுக்கு வாத்தியாரு. லேசுப்பட்ட வேலை இல்லீங்க. நம்ம பேச்சையே கேக்காததெல்லாம் என்ற புள்ள பேச்சைக் கேக்குதுங்க."

சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. வினோதினி பையின் வாரைக் கழற்றினாள். எழுந்து போய் ஜாரை எடுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள்.

கொய்யாவை அவளே நறுக்கினாள். அம்மாவும் அப்பாவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். மிளகாய் போட்டாள், உப்பும் தண்ணீரும் சேர்த்தாள், பட்டனை அமுக்கினாள். வந்தது பச்சையாகவே இருந்தது. மூன்று டம்ளரில் ஊற்றினாள். நாச்சிமுத்து குடித்தார், இருமினார்.

"கொய்யா," என்றார். "நாளைக்கும் கொய்யா."

"ஞாயித்துக்கெழம ரயிலுப்பா. ரெண்டு நாளுதான் லீவு," என்றாள் வினோதினி, நாலாவது டம்ளரில் ஊற்றிக்கொண்டே. ஒன்றரை லிட்டர் ஜார் குறையவில்லை; நாளைக்கு மட்டுமில்லாமல் அதற்கப்புறம் வரும் நாட்களின் கொய்யாவும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. சொம்பு நிறைந்தது, சாம்பார் சட்டி நிறைந்தது. மரகதமணி குடத்தை இழுத்து வைத்து, நாளுக்கு மூன்று டம்ளர் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். முதல் குடத்தில் ஐப்பசி முடிந்தது. நாலாவது குடம் கழுத்துவரை வந்தபோது, "தைப்பொங்கல் வந்துருச்சு கண்ணு," என்றாள்.

வினோதினி ஒரு கையால் ஜாரைச் சாய்த்தபடியே இன்னொரு கையால் புனேவுக்குப் போன் போட்டு, தை மாதம் கழித்து வருவதாகச் சொன்னாள். ஜார் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. போனில் அவள் அதைச் சித்திரை என்று திருத்திச் சொன்னாள். நாச்சிமுத்து சம்பூரணம் அக்கா வீட்டுக்கு அண்டா கேட்கப் போனார்.