பன்னிரண்டாம் தேதி வாங்கிய தாள்

சட்டக் கல்லூரி மாறுவதற்கு மூன்று காகிதங்கள் வேண்டும். மதிப்பெண் பட்டியல். இப்போதைய கல்லூரி முதல்வரின் ஆட்சேபணையில்லைக் கடிதம். படிப்பின் நடுவில் ஏன் மாறுகிறோம் என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து எழுதிய பிரமாணப் பத்திரம். முதல் இரண்டும் அவன் பையில் இருந்தன. மூன்றாவதற்குத்தான் நீதிமன்றத்துக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில், நோட்டரி அம்மாவின் அறை வாசலில் பெஞ்சு தேய உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் மச்சான். இறந்துபோன மனைவியின் அண்ணன், எலக்ட்ரீஷியன். சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக ஒரு வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டு நின்றது.

"படிக்கிறதுக்கே இவ்வளவு காகிதம். நீ வக்கீல் ஆனப்புறம் ஊர்ல மரமே மிஞ்சாது மாப்ள."

அவன் சிரித்து வைத்தான்.

"அந்த ஃபேன் சத்தத்தைக் கேளு. பேரிங் போயிடுச்சு. சரி பண்ணித் தரேன்னு சொன்னா நம்மள முன்னாடி கூப்பிடுவாங்களோ?"

"சும்மா இருங்க மச்சான்."

தங்கை போய் நாற்பது நாள் ஆகவில்லை. மச்சான் இப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சை நிறுத்தினால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பெரிய நகரத்துக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தது. அதே மாதம் கல்யாணம். அவளுக்கு இந்த ஊரில்தான் வேலை. அவள் கேட்கவில்லை, அவனாகத்தான் அந்த இடத்தை விட்டுவிட்டு இங்கே இருக்கும் சின்னக் கல்லூரியில் சேர்ந்தான். இங்கே ஒப்பந்தச் சட்டத்துக்கு ஒன்றரை வருடமாக ஆசிரியர் கிடையாது. விட்டதை அவன் மறக்கவும் இல்லை. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அது நாக்கு நுனிவரை வந்து திரும்பும்.

இப்போது பெரிய கல்லூரியில் நடுவில் சேர நான்கே இடம். வாழ்க்கைத் துணையை இழந்தவருக்கு முன்னுரிமை. "இந்தக் காரணம் இருந்தா உங்களுக்கு நிச்சயம் தம்பி" என்று கல்லூரி கிளார்க் நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார். யார் கேட்டாலும் இன்னும் முடிவு பண்ணவில்லை என்றுதான் சொல்லிவந்தான். அவள் படுத்ததிலிருந்து மாமியார் வீட்டில்தான் அவனுக்கு ஜாகை. "உன் படிப்பு, உன் இஷ்டம்பா" என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டு வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

கூப்பிட்டார்கள். நோட்டரி அம்மா பத்திரத்தை ஒரே மூச்சில் படித்தார். என் மனைவி சென்ற மாதம் இருபத்தேழாம் தேதி காலமானார் என்ற வரியில் பேனா நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முத்திரைத்தாள் விற்பவர் சீல் குத்தி, வாங்கியவர் பெயரும் தேதியும் எழுதும் இடம் அது.

"இறந்தது இருபத்தேழு. தாள் வாங்கினது அதே மாசம் பன்னிரண்டு."

அவனுக்குக் காது சுட்டது. பழைய பத்திரம் என்றால் முதலில் தாளின் தேதியைப் பார் என்பது வகுப்பில் படித்த பாடம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். சொந்தப் பத்திரத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தபோது பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாள் செல்லும். ஆனா சரிபார்க்கிறவங்க கேப்பாங்க. வேற எதுக்காவது வாங்கி வெச்சிருந்தீங்களா?"

அவன் வாய் திறக்குமுன் மச்சான் முந்திக்கொண்டார். "வாடகைப் பத்திரத்துக்கு வாங்கினது மேடம். தங்கச்சி ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் கீழ் வீடா பார்த்துப் போறதா இருந்தாங்க. மாடி ஏற முடியாதுல்ல அவளால."

"அப்படியா. எதுக்கும் புதுத் தாள் வாங்கிட்டு வந்துடுங்க. ஒரு மணி வரைக்கும் இருப்பேன்."

படியில் இறங்கும்போது மச்சான் சொன்னார்: "அந்தக் கீழ் வீட்டுக்கு நான்தான் ஒயரிங் பார்த்துட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. அவனால் முடியவில்லை. படித்திருப்பத்தில் நின்றான்.

"மச்சான், அது வாடகைப் பத்திரத்துக்கு வாங்கல."

"பின்ன?"

"இதுக்குத்தான்."

மச்சான் இரண்டு படி கீழே நின்றார். "பன்னெண்டாம் தேதி அவ உயிரோட இருந்தா."

"ஆமா."

"பன்னெண்டுன்னா நாம ரத்தத்துக்கு அலைஞ்ச நாள்."

"ஆமா."

"நீ கோர்ட்டு பக்கத்து ரத்த வங்கிக்குப் போன."

"வாங்கிட்டுத் திரும்பும்போது கடை தெரிஞ்சுது. நின்னேன்."

"ரத்தப் பெட்டி?"

"கையிலதான் இருந்துச்சு."

"கியூ இருந்துச்சா?"

"எனக்கு முன்னாடி ரெண்டு பேர்."

மச்சான் டெஸ்டரை எடுத்து மறுபடி பைக்குள் செருகினார். "நான் ஃபோன் பண்ணேன். சிக்னல்ல நிக்கிறேன்னு சொன்ன."

அவன் தலை தொங்கியது. அன்று காலையில்தான் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நாட்கணக்குதான் என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லலாம். சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவள் மேற்கொண்டு பதினைந்து நாள் இருந்தாள். அதையும் சொல்லலாம். ஐஸ் பெட்டியோடு அந்தக் கியூவில் நின்றபோது அவனுக்கு அழுகை வரவில்லை. பெரிய கல்லூரி நூலகத்தின் நீள மேஜைதான் கண்ணுக்குள் வந்தது. இதை மச்சான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இன்னும் வெட்கமாக இருந்தது.

"அம்மா காதுக்கு இது போகக் கூடாது."

"சரி மச்சான்."

"போறியா, இல்லையா? அதைச் சொல்லு."

போகவில்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தான். சொன்னால் இந்த நிமிஷமே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். அத்தைக்கும் மனது குளிரும். வாய்வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"போகணும்னுதான் இருக்கு."

ஒருவர் கோப்புக் கட்டோடு அவர்களை இடித்துக்கொண்டு மேலே ஏறினார். மச்சான் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்.

"அப்ப போய் வாங்கிட்டு வா. அந்தம்மா சாப்பிடப் போயிடும்."

முத்திரைத்தாள் கடையில் அன்று கியூ இல்லை. கீழே தட்டச்சுக்காரர் பத்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தார். மேலே நோட்டரி அம்மா முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்துத் தலையாட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான்.

"சாட்சி இங்க போடுங்க. பக்கத்துல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதையும் நிரப்பிடுங்க."

மச்சான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நோட்டரி அம்மா எட்டிப் பார்த்தார்.

"இறந்தவரின் அண்ணன்னு எழுதியிருக்கீங்க. இவருக்கு நீங்க என்ன உறவுன்னு கேக்குது. மைத்துனர்னு மாத்திடுங்க."

"இதுதான் மேடம் உறவு."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீல் குத்தினார்.

தெருவில் மச்சான் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அவன் பின்னால் ஏறப் போனான்.

"ஒரு வீட்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்திருக்கேன், காத்துக்கிட்டிருப்பாங்க. நீ பஸ்ல போயிடு."

மாப்ள என்று சொல்லவில்லை. வண்டி திருப்பத்தில் மறையும்வரை அவன் அங்கேயே நின்றான். விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் இந்த ஊர்க் கல்லூரி அலுவலகம் மதியத்துக்கு மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பத்திரம் மடங்காமல் இருக்க அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். மெதுவாக நடக்கவேண்டும் என்று நினைத்தான். கால்கள் வேகமாகத்தான் போயின.