இப்போது சொல்லுங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தம்பியின் தையல் கடை வாசலிலேயே நின்றாள். தம்பி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டியபடி ஒரு சட்டைக் காலரின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். தம்பி என்று மெல்லக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. டேய், உன்னைத்தான் என்றதும் திரும்பிச் சிரித்தான். பத்து நாளாகவே இப்படித்தான். பழைய காதுக் கருவி இருந்தவரை முதல் அழைப்புக்கே தலை நிமிர்ந்துவிடும்.

இப்போது அவன் காதில் இருப்பது அவள் வேலை பார்க்கும் நிறுவனம் உருவாக்கிவரும் புதிய காதுக் கருவி. பரீட்சார்த்தமாக ஐந்து பேருக்குக் கொடுத்திருந்தார்கள், அவர்களில் இவனும் ஒருவன். கருத்துப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'நன்று' என்று எழுதிக் கொடுத்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் ஏன் கேட்பதில்லை என்று கேட்டாள். அவன் நூலைப் பிரித்து முடித்தான்.

"மொதல் எழுத்து மட்டும் வராதுக்கா. ரெண்டாவது தடவ கூப்பிடும்போது பிடிச்சுக்குவேன்."

"இத ஏன்டா எழுதல?"

"நீ செஞ்சதுல நான் எப்படிக் குறை எழுதறது?" காலரை உதறினான். "கடைக்கு வர்றவங்க என்னைத் திமிர் பிடிச்சவன்னு நெனைக்கிறாங்க. நல்லதுதான். தைக்கிறவனுக்குக் கொஞ்சம் திமிர் இருந்தாத்தான் அளவெடுக்கும்போது ஆடாம நிப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கருவியை வாங்கப்போகிறவர்கள் வருகிறார்கள். பேட்டரி பதினான்கு நாள் வரும், காதில் இரைச்சலே இருக்காது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அவர்கள் வேண்டாம் என்றால் இந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள்.

பேட்டரிக்குக் கிடைத்த அந்தப் பதினான்கு நாளும் ஒரே மனிதரின், மின்சுற்றை வடிவமைக்கும் மூத்த பொறியாளரின், உழைப்பு. அலுவலகத்தில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர், அது அவருக்கும் தெரியும். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் எழுந்துபோய் நிறுத்துவார். சட்டைக் கைப் பொத்தான் விழுந்துபோன இடத்தில் ஸ்டேப்ளர் ஊசி குத்தியிருப்பார். ஆனால் அந்தக் கஞ்சத்தனத்தை மின்சுற்றில் பார்க்க வேண்டும். காதுக் கருவியில், வரும் ஒலியை முதலில் வாங்கிப் பெருக்குகிற பகுதிதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் குறைத்தால் இரைச்சல் ஏறும், இரைச்சலைக் குறைத்தால் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அந்தப் பேட்டரி ஒரே வாரத்தில் செத்துப்போகும். இரண்டையும் சேர்த்துக் குறைப்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்து நடக்கிற வேலை. அவர் நடந்தார். கருவியோடு இணைத்த, மருத்துவர்களுடையதைப் போன்ற ரப்பர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நாள் முழுக்க இரைச்சலை மட்டுமே கேட்பார். மீட்டரில் எண் மாறுவதற்கு முன்பே அவர் புருவம் அசையும். நான்கு மாதம் கழித்து வழி கண்டுபிடித்தார். சுற்றிலும் ஓசை இல்லாதபோது அந்த முதல் பகுதியைத் தூங்க வைத்துவிடுவது. பேச்சு வந்தால் அது விழித்துக்கொள்ளும். அன்று குழாயை வாங்கிக் கேட்ட அவளுக்குக் கண் கலங்கியது. அவ்வளவு சுத்தமான அமைதி.

விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்பார்களே, கண் இமைக்கும் நேரம், அவ்வளவுதான். சோதனையில் அது எங்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பது மறுநாள் காலையில் பேருந்தில் போகும்போது அவளுக்கு உறைத்தது.

சோதனைச் சொற்களை எழுதியவள் அவள். அவளுடைய குரலிலேயே பதிவு செய்தவை. எந்தச் சோதனையிலும் செய்வதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் "இப்போது சொல்லுங்கள்" என்று சேர்த்திருந்தாள். இப்போது சொல்லுங்கள்: பந்து. இப்போது சொல்லுங்கள்: விரல். அந்த இரண்டு வார்த்தையிலேயே கருவி விழித்துக்கொண்டு, பந்துக்கும் விரலுக்கும் தயாராக நின்றிருக்கிறது. உலகத்தில் யார் அப்படிச் சொல்லிவிட்டுக் கூப்பிடுகிறார்கள்?

கஞ்சனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பதிவில் 'இப்போது சொல்லுங்கள்' என்பதை வெட்டிவிட்டு, சொல்லை மட்டும் போடச் சொன்னார். ரப்பர் குழாயை மாட்டிக் கண்ணை மூடினார். பத்துச் சொல் போயிற்று. அவர் புருவம் பத்துத் தடவை அசைந்தது.

"தப்பு என்னுதுதான் சார். சோதனை நான் எழுதினது."

"தூங்க வச்சது நான்." குழாயைக் கழற்றினார். "நீ பள்ளியெழுச்சி பாடி எழுப்பிவிட்டிருக்க, அவ்வளவுதான். உன் தம்பிய வரச் சொல்லும்மா."

அவர் கணினி முன் உட்கார்ந்தார். எந்தப் பகுதி எப்போது தூங்க வேண்டும் என்பதைக் கணினியிலிருந்து மெல்லிய கம்பி வழியே கருவிக்குள் எழுதிவிடலாம். முதல் பகுதிக்கு இனித் தூக்கமே கிடையாது என்று எழுதினார். அமைதியான நேரத்தில் அது அரை வயிற்றோடு விழித்திருக்கட்டும், பின்னால் இருக்கிற பகுதிகள் தூங்கட்டும். மிச்சம் பிடித்த மின்சாரத்தில் ஒவ்வொரு மைக்ரோ ஆம்பியரையும் அவர் திருப்பிக் கொடுத்தபோது, சொந்த முடியைப் பிடுங்குகிறவர் போல முகம் சுளித்தார். ஆனால் கை தயங்கவே இல்லை. நான்கு மாதம் சேர்த்ததை ஒரே மதியத்தில் இப்படி அள்ளிக் கொடுக்கிற ஒருவரை அவள் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. கடைசியில் பேட்டரி பதினொரு நாள் என்று வந்தது. மெல்லிய இரைச்சலும் திரும்பி வந்திருந்தது.

தம்பி பாதி தைத்த காலரோடு வந்து சேர்ந்தான். மாற்றி எழுதிய கருவியை மாட்டியதும் கூரையைப் பார்த்தான். தூரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றான். தொந்தரவாக இருக்கிறதா என்று கஞ்சன் கேட்டார்.

"இருக்கட்டும் சார். பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரி இருக்கு."

நான்கு மணிக்குக் கண்ணாடி அறைக்குள் கஞ்சனே போனார். மேலாளரும் கருவியை வாங்க வந்தவர்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினொண்ணுன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க, அதயும் சொன்னேன். பேசிக்கிட்டிருக்காங்க."

உள்ளே மேலாளரின் கை மேலும் கீழும் போனது. வந்தவர்களில் ஒருவர் எழுந்து சன்னலருகே போனார். அவளால் உட்கார முடியவில்லை. வெளியே அவர்கள் இருந்த அறையின் மறுகோடியில் தம்பி இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி காலரைத் தைத்துக்கொண்டிருந்தான். யாரும் பேசவில்லை. விசிறியைக்கூடக் கஞ்சன் நிறுத்திவிட்டிருந்தார்.

அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் இருந்த இடத்திலிருந்தே, வாசலில் நின்று கூப்பிட்ட அதே மெல்லிய குரலில், ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

"தம்பி."

துணிக்கு மேலே நூலோடு உயர்ந்த ஊசி, அங்கேயே நின்றது.