மேளத்துக்கு ஆடிய சருகுமான்

ஆறு வருட இனப்பெருக்கத் திட்டத்தில் பிறந்த முதல் குட்டி அது. சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் குட்டி உள்ளங்கையில் அடங்கும். தாய் மிரண்டால் பால் கொடுக்காது. அதனால் பராமரிப்பாளர் ஜெகதீஸ்வரி கூண்டைச் சாக்கால் மறைத்து, செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

பினாங்கு மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னப் பூங்காவின் மேலாளர் சுகுமாரன், வனவிலங்குச் சங்கத் தலைவரும் ‘டத்தோ’ பட்டம் வாங்கியவருமான குணாளனுக்கு உடனே செய்தி அனுப்பினார். மறுநாளே பதாகை வந்துவிட்டது: ‘டத்தோவின் அயராத முயற்சியில் பிறந்த குட்டி’. அதில் டத்தோ ஆளுயரத்துக்கு இருந்தார். குட்டி அவருடைய கோட்டுப் பித்தான் அளவுக்கு இருந்தது.

“அண்ணே, ஒரு மாசம் போகட்டும்லா,” என்றாள் ஜெகதீஸ்வரி.

“டத்தோ அடுத்த வாரம் லண்டன் போறாரும்மா. குட்டியத் தத்தெடுக்கிற விழா, பத்தே நிமிஷம். சத்தமில்லாம முடிச்சிடுவோம்.”

சத்தமில்லாத அந்த விழாவுக்கு ஜெலுத்தோங்கிலிருந்து உறுமி மேளம் வந்தது. மேளம் இல்லாத இடத்தில் டத்தோ காரைவிட்டு இறங்குவதில்லை.

சாக்கை விலக்கினார்கள். உறுமி அதிர்ந்தது. தாய் விறைத்து நின்றது. பிறகு பின்னங்கால்களால் தரையைப் படபடவென்று தட்டியது.

“பாருங்கய்யா, மேளத்துக்கு ஆடுது! நம்ம ரத்தம்!” என்றார் டத்தோ. எல்லோரும் கைதட்டினார்கள்.

“ஆடல டத்தோ, பயத்துல தட்டுது! மேளத்த நிப்பாட்டச் சொல்லுங்க!”

சுகுமாரன் அவளை மறைத்து நின்றார். “ஷ்ஷ்! வீடியோ ஓடுது.”

டத்தோ மேளக்காரர்களைப் பார்த்து விரலைச் சுழற்றினார். வேகம் கூடியது. தாய் கம்பிவலையில் போய் மோதியது. திரும்பி வந்து மறுபடியும் மோதியது.

அதற்குப் பிறகு அது குட்டியின் பக்கமே போகவில்லை. ஜெகதீஸ்வரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசிக்குழாயில் ஆட்டுப்பால் புகட்டினாள். மூன்றாம் நாள் குட்டி வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது.

சுகுமாரன் சட்டமிட்ட தத்தெடுப்புச் சான்றிதழோடு வந்து நின்றார்.

“வேற குட்டி ஏதாச்சும் இருக்கா? டத்தோவுக்கு வித்தியாசம் தெரியாது.”

“வேற குட்டி இருந்தா இதுக்கு ஏன்ண்ணே ஆறு வருஷம்?”

அவர் சான்றிதழைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இறப்புப் படிவத்தை நீட்டினார். “காரணம், இயற்கைன்னு போடும்மா.”

அவள் ‘விழா’ என்று எழுதினாள்.

சுகுமாரன் எட்டிப் பார்த்தார். முகத்தில் கவலை கொஞ்சம் தெளிந்தது.

“டத்தோ பேரு இல்லைல? சரி, குடு.”