மூடிய மில்லில் விளக்கு

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று போன் திரையில் மகள் கேட்டாள். அந்த 'நீங்க'தான் அம்மாவுக்கு அந்நியமாகப் பட்டது. "போம்மா, நீ பொய் சொல்ற" என்று மடியில் புரண்ட பிள்ளை இப்போது தலைவாரி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரிக்கிறது. சாப்பிட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் எப்படி என்றாள். நல்லா இருக்கு என்றது. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச எதுவும் அகப்படவில்லை. போனை வாங்கிய கணவர், இன்னும் அப்படித்தான் அவளுக்குச் சொல்ல வருகிறது, தணிந்த குரலில் சொன்னார்: "வாரா வாரம் என்னத்தப் பேசறதுன்னு அவளே கேக்கறா. நாங்க இடம் மாறப் போறோம், தெரியும்ல? அங்க போனப்புறம் அவளுக்கு இஷ்டம் இருந்தா பேசட்டும். வற்புறுத்த வேணாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவள் மனநல மருத்துவமனையில் கிடந்த காலத்தில் பிள்ளையைத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். பிறகு திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவுதான். கோர்ட்டும் அதையே சரி என்றது. குணமாகி வெளியே வந்தவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வெளுப்பாக வருவதை இன்னொருத்தியோடு முனை பிடித்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க யாரோ தூங்கி எழுந்த துணிகள். கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்க, மனசு ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கும்.

அண்ணன் வீட்டுப் பரணில், சின்ன வயதில் படித்த அந்த மர்மக் கதைப் புத்தகம் கிடைத்தது தற்செயல்தான். மழைக்கு ஒழுகுகிறதென்று சாமான்களை இறக்க உதவப் போயிருந்தாள். 'மூடிய மில்லில் விளக்கு.' அட்டையில் கதையில் துப்பறியும் இரட்டையர்கள், ஒரு பையனும் பெண்ணும், டார்ச் விளக்கோடு புதருக்குள் பதுங்கியிருந்தார்கள். பார்த்ததும் பழைய பசை வாசனையோடு ஒரு மத்தியானமே திரும்ப வந்தது. அவளும் அண்ணனும் குப்புறப் படுத்து ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். அவள் வேகமாக முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட, அவன் கையில் ஒரு அடி போடுவான். தெருவில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் புழங்கி நைந்த புத்தகம்.

அடுத்த ஞாயிறு, "ஒரு கதை படிக்கட்டுமா?" என்று கேட்டாள். மகள் தோளைக் குலுக்கிக்கொண்டது. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் மில். இருட்டினால் அதன் மாடி ஜன்னலில் ஒரு விளக்கு. ஊரில் சமையலறைகளிலிருந்து ரொட்டி காணாமல் போகிறது, கொடியிலிருந்து போர்வை காணாமல் போகிறது. முதல் அத்தியாயம் முடிந்ததும் மகள் எழுந்து போய்விட்டது. ஆனால் அடுத்த வாரம் தலை வாராமல், தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த வாரம் அவள் அழைக்கும் முன்பே அங்கிருந்து அழைப்பு வந்தது. மில்லின் படிக்கட்டில் இரட்டையர்கள் ஒரு சீப்பைக் கண்டெடுக்கும் இடத்தில் அவள் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

"அய்யோ, நீ நிறுத்தாதம்மா! படி!"

அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"சீப்புல நீளமா முடி இருக்குல்ல? அப்ப பொம்பளதான். அவங்க ஏன் வீட்டுக்குப் போகல?" என்றது மகள்.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டு மிச்சம் எவ்வளவு இருக்கிறதென்று புரட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. இரட்டையர்கள் மாடிக் கதவைத் தள்ளுகிறார்கள், அடுத்தது பின்னட்டை. நடுவில் இருந்த பக்கங்கள் எந்தக் காலத்திலோ கழன்று போயிருந்தன. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கதையில கடைசில யாருண்ணா மாட்டுவாங்க? எனக்குச் சுத்தமா ஞாபகமில்ல."

அண்ணன் பேச்சை மாற்றப் பார்த்தான். "எனக்கும் மறந்துபோச்சும்மா. அத விடேன். வேற புக் எதாவது எடுத்துப் படி."

"அவ இதத்தான் கேக்கறா."

"அதுக்கில்லம்மா... சரி, பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினாள். சிறுவயதில் படித்த மர்மக் கதைகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. எல்லாரும் நரை விழுந்தவர்கள். 'கடைசிப் பக்கங்கள் யாரிடமாவது இருக்கிறதா, என் மகளுக்கு வேண்டும்' என்று எழுதினாள். ஆஹா, அந்த அட்டை, அந்த நாட்கள், பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்து அப்பாவிடம் உதை வாங்கியது என்று ஆளாளுக்கு உருகினார்கள். இதயப் படங்களாக வந்து குவிந்தன. பக்கங்கள் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் ஏதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டாள். மறு வாரம் பழைய அத்தியாயத்தையே இழுத்து இழுத்துப் படித்தாள். "இது போன தடவயே படிச்சாச்சு" என்றது மகள். பின்னால் வீட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பது திரையில் தெரிந்தது. பிறகுதான் குழுவிலிருந்து ஒரு பல் டாக்டர் தனியாக எழுதினார். முழுப் பிரதி இருக்கிறது, கையை விட்டுத் தர மாட்டேன், நேரில் வந்து பார்க்கலாம்.

வேலை முடிந்த கையோடு போனாள். கிளினிக்குக்கு மேல்மாடியில் கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு புத்தகமும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. டாக்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அதை எடுத்தார்.

"என் பசங்களுக்கு இதெல்லாம் வேணாங்க. படிச்சுக் காட்டறேன்னாலே ஓடிடுவாங்க. உங்க பொண்ணு கேக்கறாளா? நெஜமாவா?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். "ஒண்ணு செய்யலாமா? நானே படிக்கறேன், நீங்க கேளுங்க. அப்புறம் போட்டோ எடுத்துக்கோங்க."

குரலை மாற்றி, கதவு கிறீச்சிடுவதற்குத் தானே சத்தம் கொடுத்து, அவ்வளவு சந்தோஷமாகப் படித்தார். கதவு திறந்தது. மூலையில், திருட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலைவிரி கோலமாக ஒருத்தி. 'பைத்தியக்காரி!' என்று பையன் அலறினான். இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார். பைத்தியக்கார விடுதியிலிருந்து தப்பி வந்தவள் அவள். ஜீப்பில் ஏற்றும்போது அவள் பல்லைக் காட்டிச் சிரித்தாள், ஊரே கைதட்டியது, இரட்டையர்களுக்குப் புது சைக்கிள்.

டாக்டர் மூடிவைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார். "இந்த இடம் வந்தா அந்த வயசுல போர்வைக்குள்ள போயிடுவேன். இப்பவும் பாருங்க, மயிர் கூச்செறியுது." அவள் சிரித்துவைத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அண்ணனை அழைத்தாள்.

"உனக்கு ஞாபகம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"ஏண்ணா சொல்லல?"

"எந்த வாயால சொல்லச் சொல்ற?" என்றான். "கேளு. கள்ளக்கடத்தல்காரன்னு மாத்திப் படிச்சிரு. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியப்போவுது."

மாற்றித்தான் பார்த்தாள். வேலையில் விரிப்புகளை மடிக்க மடிக்க, மனசுக்குள் கடத்தல்காரனை மாடியில் குடிவைத்தாள். அவனுக்கு எதற்கு ரொட்டி? அவனிடம் பணம் இருக்குமே. நீளமாக முடி சிக்கிய சீப்பு எதற்கு? எதுவும் பொருந்தவில்லை. மகள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். பொய் என்று தெரிந்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். நிஜத்தைப் படித்தால்? அந்த வீட்டில் தன்னைப் பற்றி எந்த வார்த்தை புழங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் ஒருமுறை போன் அணைந்துவிட்டதென்று நினைத்துச் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. குழந்தையாய் இருந்தபோது இதே பக்கத்தைப் படித்துத் தானும் கைதட்டியிருப்போம் என்ற நினைப்பு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் அலமாரி காலி. மறுநாள் அவர்கள் கிளம்புகிறார்கள்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

கதவு திறந்தது. கடத்தல்காரன் நாக்கு நுனிவரை வந்தான். அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தாள். அந்த வார்த்தையையும் விழுங்கவில்லை. முறுக்கப்பட்ட கை, ஜீப், கைதட்டல். சைக்கிள் வந்த பத்தியைப் படிக்க முடியாமல் நிறுத்தினாள். மகள் தலையணையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"அவங்கள எங்க கூட்டிட்டுப் போனாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அப்புறம்?"

"புக்ல அவ்ளோதான் இருக்கு."

"திரும்ப வந்தாங்களா இல்லையான்னு போடலயா?"

"போடல, கண்ணு."

மகள் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டது. பிறகு, அவளைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டது: "அங்க உள்ள எப்படி இருக்கும்?"

அதற்குள் அறைக்கு வெளியிலிருந்து கணவரின் குரல் வந்தது. "இன்னும் முடியலையா? என்ன ஆஸ்பத்திரிப் பேச்சு? குடு இங்க." படம் ஆடியது. போன் மல்லாந்து விழுந்ததுபோல, திரை முழுக்க வெள்ளைக் கூரையும் ஓடாத மின்விசிறியும். ஏதோ பேச்சு, காலடிகள், ஒரு கதவு சாத்தும் சத்தம். பிள்ளை போய்விட்டதா, அங்கேயே இருக்கிறதா, அவர்தான் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா, தெரியவில்லை. அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை.

அவள் டாக்டரிடம் எடுத்த படங்களை மூடிவிட்டுப் போனை முகத்தருகே கொண்டுவந்தாள்.

"நீளமான ஹால் ஒண்ணு இருக்கும்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். "வரிசையா கட்டில். என் பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சர் இருந்தாங்க, தினமும் எனக்குச் சடை பின்னி விடுவாங்க. காலைல வெயில் முதல்ல அவங்க காலுக்கு வரும், அப்புறம் என் காலுக்கு..."

சொல்லிக்கொண்டே போனாள். வெள்ளைக் கூரையின் ஓரத்தில் ஒரு நிழல் அசைந்தது, நின்றது, அங்கேயே இருந்தது.