இலவசப் பிரதியில் இல்லாத பதினாறு பக்கம்

அக்காவின் முதல் நாவல் வெளிவந்த அன்று உலகம் வழக்கம்போல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிப்பாளரும் தன் வேலையைப் பார்த்தார். அக்கா தூக்கத்தைத் தொலைத்து எழுதி முடித்திருந்த இரண்டாவது நாவலை நீட்டியபோது, அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"முதல்ல வெளிவந்த புத்தகம் நாலு பேர் வாயில விழட்டும்மா. சொந்தக்காரங்க கணக்குல வரமாட்டாங்க. முன்னபின்ன தெரியாதவன் கடைக்கு வந்து கேட்டு வாங்கணும். அப்ப ரெண்டாவதைக் கொண்டுவாங்க."

அதற்கு வழியும் அவரே சொன்னார். இலவசமாகக் கொடுத்தால்தான் ஊருக்குத் தெரியுமாம். சொன்ன கையோடு ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூக்கி என் தோளில் வைத்துவிட்டார்.

வீட்டில் விநியோகத் துறை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லூரிக்கு நான் அதிகம் போவதில்லை என்பதால் தகுதி தானாகவே அமைந்திருப்பதாக அப்பா கருதினார். அக்கா ஒவ்வொரு பிரதியிலும் 'மாறாத அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட, நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா அதைக் கண்ணாடி அலமாரியில், யாரும் காபி குடிக்கக் கூடாத கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்துப் போட்டது அழுக்காகிவிடக் கூடாதாம். சித்தப்பா வீட்டில் குளிர்பெட்டியின் ஒரு கால் வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. மறுமுறை போனபோது ஆடவில்லை. எதிர்வீட்டு மாமா தனக்கு ஒன்று, வெளியூரில் இருக்கும் மகனுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டு, பேனா இலவசமாகக் கிடைக்குமா என்றும் விசாரித்தார்.

காசு கொடுத்து வாங்கக்கூடிய அத்தனை பேருக்கும் சும்மா கொடுத்துவிட்டோமே, இனி யார்தான் வாங்குவார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். அவர்கள் படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்வார்கள் என்றாள்.

சொல்லத்தான் செய்தார்கள். தொலைபேசி ஓயவில்லை. முடிவைப் படித்துவிட்டுத் தலையணை நனைய அழுததாகப் பெரியம்மா சொன்னாள். முடிவைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்பது சித்தப்பாவின் கருத்து. எங்கள் குடும்பத்தில் இலக்கிய விமர்சனம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

புத்தகக் கடையில் மட்டும் அடுக்கு வைத்த உயரத்திலேயே இருந்தது. அக்கா காய்கறி வாங்கப் போகும் சாக்கில் அந்தப் பக்கம் நடந்து, கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு வருவாள். இரண்டாவது நாவல் மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. பிறகு கட்டிலுக்கு அடியில் போனது.

கடைசியாக மிஞ்சியது ஒரு பிரதி. பேனாவில் மை தீர்ந்ததால் அதில் கையெழுத்தில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போனபோது சலூனில் பழைய பத்திரிகைகளோடு போட்டுவிட்டு வந்தேன். இலக்கியச் சேவை எல்லாம் இல்லை, பை கனத்தது.

அடுத்த மாதம் போனால், சலூன்காரர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"தம்பி, கடைசிப் பக்கத்தை எல்லாம் எங்க கிழிச்சு வச்சிருக்க?"

நான் எதையும் கிழிக்கவில்லை. அவர் புத்தகத்தை விரித்துக் காட்டினார். வீட்டை விட்டு ஓடிப்போன கணவன் வருடங்கள் கழித்து மழையில் வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே அவன் மனைவியான தையல்காரி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். 'வெளியே அவன்' என்று ஒரு வரி தொடங்குகிறது, அப்புறம் பின்னட்டைதான்.

அதனால் சலூன் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. கதவைத் திறந்திருப்பாள் என்று ஒரு கட்சி. திறக்கக் கூடாது என்று சலூன்காரர் கட்சி. அவருடைய கத்தி கழுத்தில் இருக்கும்வரை எல்லோரும் அவர் கட்சிதான். துண்டை உதறியதும் பாதிப் பேர் மாறிவிடுவார்களாம்.

வீட்டில் சொன்னேன். அக்கா வீட்டுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவைத்த பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் 'வெளியே அவன்' நின்றுகொண்டிருந்தான். பதிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டால், புத்தகம் பைண்டிங் செய்பவர் ஒரே ஒரு கட்டில் கடைசிப் பதினாறு பக்கத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார், அது உங்களுக்கு வந்த கட்டாகத்தான் இருக்கும், கடையில் இருப்பதெல்லாம் முழுசு என்றார்.

அப்பா நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்டார். அப்படியானால் பெரியம்மா எதைப் படித்து அழுதாள்? அவள் எப்போதும் அழுவாள் என்று அம்மா அதை முடித்துவைத்தாள்.

அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தர்கூடப் படிக்கலடா."

"சலூன்ல படிச்சிருக்காங்களே" என்றேன். ஆறுதலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னேன்.

விட்டுப்போன பக்கங்களைப் பதிப்பாளர் தனித்தாளாக அனுப்பிவைத்தார். சொந்தக்காரர்களுக்கு அதைக் கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒரு தொகுப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு சலூனுக்குக் கிளம்பினாள். எனக்கு வயிறு எரிந்தது. தூண்டிலில் சிக்கிய மீனை நாமே கழற்றிவிடுவதா, கடைக்குப் போய் வாங்கட்டுமே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"படிக்கிறவனை வாசல்ல நிக்கவச்சு வேடிக்கை பாக்கறது பாவம்டா" என்றாள்.

சலூனின் கண்ணாடிக் கதவருகே போனதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. உள்ளே யாரும் பேசவில்லை. சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருப்போர் பெஞ்சில் எங்கள் தெருவில் மின்கணக்கு எடுக்க வருபவர். அவர் கையில் அக்காவின் நாவல், புத்தகக் கடையின் பழுப்பு உறை பாதி கழன்று தொங்கியது. பொறுக்க முடியாமல் போய் வாங்கிவிட்டார் போல. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வெளியே நின்றுவிட்டாள்.

அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். உடனே திருப்பி, முந்தின பக்கத்தை மறுபடி படித்தார். உதடு அசைந்தது. அக்கா என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

புத்தகத்தை மூடினார்.

"என்னய்யா, திறந்தாளா?" என்றார் சலூன்காரர்.

"சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்தைதானே, வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"நான் சொன்னா நல்லா இருக்காது. நீயே வாங்கிப் படி."

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார். நுரை முகத்துக்காரர், இந்த நேரத்தில் கடை திறந்திருக்குமா என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டார்.

அக்கா உள்ளே போகவில்லை. பையில் இருந்த தாள்களோடு வீட்டுக்கு வந்து, நேராகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள்.

அந்த வாரமே பதிப்பாளர் கூப்பிட்டார். கடையிலிருந்து மறுபடி புத்தகம் கேட்டிருக்கிறார்களாம். இரண்டாவது நாவலைக் கொண்டுவரச் சொன்னார். என்ன கதை என்று கேட்கவில்லை. இந்த முறை இலவசப் பிரதி எத்தனை வேண்டும் என்றுதான் கேட்டார். சலூனுக்கு ஒன்று போதும் என்றாள் அக்கா.

"முழுசாத்தானே?" என்றார்.

அக்கா இரண்டாவது நாவலின் கடைசித் தாள்களைத் தனியே பிரித்து எண்ணத் தொடங்கினாள்.