கொடுக்கிற போன்

அவளுடைய கைப்பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று பேசுவதற்கு, அது அடியில், ஜிப்புக்குள். இன்னொன்று கொடுப்பதற்கு, அது கைவிட்டதும் அகப்படும்படி மேலாக.

இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்து சேர்ந்த முதல் வாரமே மாடி அண்ணன் சொல்லிக் கொடுத்துவிட்டார். மேல் வீட்டில் குடியிருப்பவர், ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். இந்த வீட்டை அவளுக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அந்தத் தெருவில் அவளோடு தமிழ் பேச அவரைத் தவிர ஆள் கிடையாது.

"செத்த போனை வெச்சுக்காதம்மா. அமுக்கிப் பார்ப்பானுங்க. வெளிச்சம் வரலைன்னா கோவம் வந்துரும். பழசா இருக்கணும், ஆனா உசுரோட இருக்கணும். கேட்டா குடுத்துடு. மூஞ்சியைப் பாக்காத, ஓடாத. அவ்வளவுதான். மத்தபடி ஒரு தொந்தரவும் இல்லாத ஊரு."

குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

மற்றபடி என்று அவர் சொன்னது பொய்யில்லை. சொந்த ஊரில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகையில் இங்கே மூன்று அறையும் பால்கனியும் கிடைத்தன. காய்கறிக்காரி எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி மேலே அள்ளிப் போட்டாள். முதல் மாதக் கடைசியில் சம்பளத்தில் மிச்சம் இருந்தபோது, எதையோ கட்ட மறந்துவிட்டோமோ என்று ரசீதுகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

பால்கனிக்குத் தரையிலிருந்து கூரை வரை இரும்புக் கம்பி. வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டித்தான் அவள் வானத்தைக் காட்டுவாள்.

"அம்மா, எவ்ளோ பெரிய வானம்!" என்பாள் பாப்பா.

சொந்த ஊரில் பாப்பா படுத்தது அப்பாவின் வேலை மேசைக்கு அடியில். பாப்பாவின் அப்பா போன் ரிப்பேர் செய்கிறவன். நண்பர்கள் அவனை 'ரிப்பேர்' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அவனைப் பெற்றவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கடை வாடகை ஏறிக்கொண்டே போய், கடைசியில் கடையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். பகலெல்லாம் அவன் திருகாணி கழற்றிய மேசையின் கீழ் ராத்திரி பாப்பா சுருண்டு படுப்பாள். காலையில் அவள் முடியிலிருந்து ஏதாவது ஒரு குட்டித் திருகாணி உதிரும்.

அதனால்தான் முதல் தடவை பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் கையை நீட்டியபோது அவள் கொடுத்துவிட்டு வந்ததை வீட்டில் சொல்லவில்லை. அடுத்த தடவை போனோடு கழுத்துச் சங்கிலியையும் கேட்டான். அதையும் சொல்லவில்லை. 'அவர்கள் வந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாம்' என்று தள்ளிப்போட்டாள். வந்துவிட்டார்கள். தனி அறையைப் பார்த்த பாப்பா கதவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். உள்ளேயிருந்து, "யாரு அது? தட்டிட்டு வாங்க!" என்று அதிகாரம் பண்ணினாள். அதைக் கேட்ட பிறகு யாருக்கு வாய் வரும்?

"கழுத்து ஏன் காலியா இருக்கு?" என்றான் ரிப்பேர்.

"பேங்க் லாக்கர்ல வெச்சிருக்கேன்."

"லாக்கரா? ஒரேயடியாப் பெரிய மனுஷி ஆயிட்ட."

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் ரத்தமும் கொடுத்தவரின் ரத்தமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிற மேசை. சம்பளம் போடும் வாரங்களில் அவசர ரத்த மாதிரிக் குழாய்கள் கூடுதலாக வரும். கொண்டுவந்து வைக்கிற வார்டு ஊழியர் சில சமயம் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். இந்த ஊர் மொழியில் அவளுக்கு நன்றாகப் புரிந்த முதல் சொல் அதுதான். தமிழில் சொன்னால், 'கொடுக்கலையாம்.'

விடுமுறை நாளன்று அவள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணிகள். ரிப்பேர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே அவளுடைய கொடுக்கிற போன், குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னங்க இது?"

"அதை நான் கேக்கணும். கண்ணாடி பூரா விரிசல், பேட்டரி உப்பிப் போச்சு. இதைத் தூக்கிட்டு ஆபீஸ் போறியே, ரிப்பேர்காரன் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிக்க வெக்கமா இல்ல?"

"அது... சும்மா. பழசு. அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே இருக்கட்டுமா? என் கண்ணு முன்னாடியா?"

சொல்வதென்றால் அதுதான் நேரம். வாய்வரை வந்தது. அப்போது பாப்பா புதுப் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பாவாடை குடைபோல் விரிந்தது. அவள் குனிந்து அந்த மடிப்புகளைச் சரிசெய்துவிட்டாள். பள்ளி தொடங்கி ஒரு வாரம் ஆகட்டும் என்று நினைத்தாள்.

சாயங்காலத்துக்குள் போன் புதிதாகிவிட்டது. கண்ணாடி பளபளத்தது. ரிப்பேர் அதைத் தன் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். இவ்வளவு அழகாக இருப்பதைக் கொடுக்கிற போனாக வைத்துக்கொள்ள முடியாது, வேறு ஒன்று தேடிக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. அது எங்கே போய்ச் சேரும் என்று தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் வார்டு ஊழியர் ஒரு குழாயை வைத்தார்.

"கொடுக்கலையாம்" என்றார். வழக்கம்போல் போய்விடாமல் நின்றார். "சின்னப் பிள்ளை. யாரும் சொல்லித் தரலை போலிருக்கு."

ஒட்டியிருந்த சீட்டில் வயதை மட்டும் பார்த்தாள். பாப்பாவின் வயது. பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது, இது வேறு யாரோ பெற்ற பிள்ளை. அது தெரிந்தும் பெயரையும் ஒரு தடவை படித்தாள். கவனம் சிதறினால் சோதனை தப்பும், சோதனை தப்பினால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. வேலையை முடித்து, முடிவை எழுதி அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்து ரிப்பேருக்குப் போன் செய்தாள்.

"பாப்பாவைக் கூப்பிடக் கிளம்பிட்டீங்களா?"

"நான் ஒரு கடை இடம் பாக்க வந்திருக்கேன்டி. வாடகையைக் கேட்டா சிரிப்பு வருது, அவ்வளவு கம்மி! பாப்பா தனியா வந்துடுவா. வேன்தான் தெரு முனையில இறக்கி விடுதே."

"தனியாவா?"

"அதான் போன் குடுத்து விட்டிருக்கேனே. உன்னுடைய பழசு. பிரமாதமா வேலை செய்யுது. இறங்கினதும் கூப்பிடுன்னு சொல்லியிருக்கேன்." அவன் குரலில் பெருமை. "உஷார்படுத்திட்டும்தான் அனுப்பினேன். யார் கேட்டாலும், என்ன சொல்லிக் கேட்டாலும், குடுக்கவே கூடாதுன்னு. கெட்டியா புடிச்சுக்கன்னு."

அவள் போனை அணைத்தாள். மேலங்கியைக் கழற்றாமலே தெருவுக்கு ஓடினாள்.

பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றியது. பாப்பாவின் எண்ணைக் கூப்பிட நினைத்தாள், பிறகு வேண்டாமென்று விட்டாள். மணி அடித்தால் பாப்பா போனை வெளியே எடுப்பாள்.

தெரு முனையில் அவள் இறங்கியபோது வேன் போய்விட்டிருந்தது. மளிகைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருந்த ஒருத்தி, எதையோ மறந்துவிட்டவள் மாதிரி திரும்பி வந்த வழியே நடந்தாள். நடுவில், என்ஜினை அணைக்காத ஒரு பைக். அதில் ஒரு பையன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன். ஒரு கையை நீட்டியிருந்தான். இன்னொரு கை சட்டைக்குள் இருந்தது. அவனுக்கு எதிரே பாப்பா, போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடாதே. அவள் நடந்தாள். அந்தக் கொஞ்ச தூரம் முடியவே மாட்டேன் என்றது.

"பாப்பா, குடுத்துடு."

"மாட்டேன்மா. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"அம்மா சொல்றேன். குடும்மா."

"அம்மா கேட்டாக்கூடவான்னு கேட்டேன். யார் கேட்டாலும்னு சொன்னாரு!"

சட்டைக்குள் இருந்த கை அசைந்தது. அவள் குனிந்து பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இவ்வளவு சின்னக் கையில் இத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. கடைசி விரலைப் பிரித்தபோது பாப்பா வலியில் கத்தினாள். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள். அது கையிலிருந்து போனது.

பைக் நகரவில்லை. அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தரையில் விழுந்த நிழலில் தெரிந்தது. புதுக் கண்ணாடி அவனுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். குனிந்து பாப்பாவின் தலையை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தான், உறவுக்காரன் மாதிரி. பிறகு போனான். ஷட்டர் மறுபடி மேலே ஏறியது.

"அப்பா போட்ட கண்ணாடிம்மா" என்று பாப்பா வீடு வரை அழுதாள்.

ரிப்பேர் எல்லாவற்றையும் கேட்டான்.

"இதுதான் முதல் தடவையா?"

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை."

அவன் கண் அவளுடைய கழுத்துக்குப் போய்த் திரும்பியது. "லாக்கரு" என்றான். எழுந்து போய் பாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தான். விரல்களில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"நான் சொல்லி அனுப்பினதுக்குப் பிள்ளையையே..." அந்தக் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டான். "கிளம்பிடலாம். நாளைக்கே."

"எங்க?"

தொழிலை வேறொருவனுக்கு விட்டாயிற்று, அறையைக் காலி செய்தாயிற்று. அந்த மேசையையும் விற்றாயிற்று.

விஷயம் கேள்விப்பட்டு மாடி அண்ணன் இறங்கி வந்தார். வந்தவர் உட்கார்ந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அங்க மட்டும் என்ன வாழுது தம்பி? பஸ்ல பர்ஸ் போகலையா உனக்கு? அங்க தெரியாம எடுப்பான். இங்க கேட்டு வாங்குறான். யோசிச்சுப் பாத்தா இதுதான் மரியாதை!" தானே சிரித்துக்கொண்டார். "நானும் முதல்ல கிளம்புறேன்னு குதிச்சவன்தான். அப்புறம் பழகிடுச்சு. இந்த வாடகைக்கு, இந்தச் செலவுக்கு, வேற எந்த நாட்டுல இப்படி வீடு? குடுத்துட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா."

"குடுக்கலைன்னா அண்ணே?" என்றாள் அவள்.

மாடி அண்ணன் டம்ளரின் அடியைப் பார்த்தார். "குடுத்துட வேண்டியதுதான்மா" என்றார்.

அவர் போன பிறகு அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். மத்தியானம் வந்த குழாயைப் பற்றிச் சொல்லலாமா என்று அவள் நினைத்தாள். சொன்னால் இவன் நாளைக்கே கிளம்புவான், பாப்பா மறுபடி ஏதாவது ஒரு மேசைக்கு அடியில் படுப்பாள். உள்ளே பாப்பா தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மெதுவாக, தன்னுடையது என்கிற பத்திரத்தோடு. அவள் சொல்லவில்லை.

ரிப்பேர் எழுந்து தன் பெட்டியைத் திறந்தான். பழைய போன்களைத் தேடி எடுத்து மேசைமேல் பரப்பினான். உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். வெளிச்சம் வந்தவற்றை ஒரு பக்கம் வைத்தான். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. மீதியையும் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணு வேணும்ல?" என்றான், அவளைப் பார்க்காமல். "ஒண்ணு போகப் போக இன்னொண்ணு வேணும்ல?"

பிறகு பாப்பாவைக் கூப்பிட்டான். கூடத்தின் நடுவில் நிறுத்தி, கையில் ஒரு போனைக் கொடுத்தான்.

"அப்பா முதல்ல சொன்னது தப்பு. யார் கேட்டாலும் உடனே குடுத்துடணும். எங்க, பாக்கலாம். நான்தான் திருடன்." முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கையை நீட்டினான். "போனைக் குடு!"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீ திருடன் மாதிரியே இல்லப்பா. நீ ரிப்பேர்."

"சிரிக்கக் கூடாது. மறுபடி. குடு!"

"மூஞ்சியைப் பாக்காத" என்று அவள் குரல் கொடுத்தாள். தன் குரலில் மாடி அண்ணனின் தொனி இருந்தது அவளுக்கே கேட்டது.

திரும்பத் திரும்பச் செய்தார்கள். முதலில் பாப்பாவின் விரல்கள் கொஞ்சம் தயங்கின. பிறகு தயங்கவில்லை. சிரிப்பு நின்றது. கண் தானாகத் தரைக்குப் போனது. பாப்பா எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிற பிள்ளை. பழைய பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அதைத்தான் சொல்வார்.

"கெட்டிக்காரி" என்றான் ரிப்பேர். "கடைசியா ஒரே ஒரு தடவை. போனைக் குடு!"

பாப்பா கொடுத்தாள். தலையைக் குனிந்தபடியே நின்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, கையைக் காதுக்குக் கொண்டுபோய்த் தோட்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள்.