வெடியுப்பு

விஸ்டின் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காணிக்கைக்கென்று கொடுத்த உறை. உள்ளே பணம் இல்லை, ஓர் இலைதான் இருந்தது. விரல்விரலாக விரிந்த இலை, ஒவ்வொரு விரலின் ஓரமும் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருகியிருந்தது.

கடைக்காரி ரொவேனா நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உரமும் விதையும் தொட்டியும் விற்கும் அந்தக் கடைக்கு இப்போதெல்லாம் வைத்தியர் வீட்டுக்கு வருவதுபோல ஆள்கள் இலையும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது, அவ்வளவுதான் என்று தீவில் சட்டம் வந்த பிறகு அவளுக்கு ஓய்வே இல்லை.

"காணிக்கை உறையில கஞ்சா இலை. பங்குச்சாமி பாத்தா உங்களுக்குத் தனியா ஒரு பூசை வச்சிடுவாரு அண்ணே."

"பங்குச்சாமி வீட்டு மாடியில என்ன இருக்குன்னு போய்ப் பாத்தியா நீ?"

"அவருக்கு உரம் கொடுக்கறவளே நான்தான். பேச்ச மாத்தாதீங்க. இது கீழ் இலைதானே?"

"ஆமா."

"பூ வச்சாச்சா?"

"இப்பத்தான். கணுவுக்குக் கணு வெள்ளை நூல் மாதிரி தெரியுது."

"இன்னும் முயல் புழுக்கையத்தான் கரைச்சு ஊத்திக்கிட்டு இருக்கீங்க, இல்ல?"

மொட்டை மாடியில் பதினாறு முயல்கள் இருக்கும்போது உரத்துக்கு வேறெங்கே போவது என்று கேட்க விஸ்டினுக்கு வாய்வரை வந்தது. போன வருஷமும் அதைத்தான் கேட்டான்.

"புழுக்கை தழைக்கு நல்லது, இல்லேங்கல. போன வருஷம் தழைதழைன்னு ஆள் உசரம் வளத்தீங்க. பூ எவ்வளவு வந்துச்சு?"

"ஜாம் பாட்டில்ல பாதி."

"அதான். பூக்கற நேரத்துல தழைச்சத்தக் கொறைச்சு சாம்பல் சத்த ஏத்தணும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஒரே கஞ்சியா ஊத்துவீங்க?" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்க் கட்டியான ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "பாட்டில்ல வர்ற பூ உரம் கப்பல்ல மாட்டிக்கிச்சு, ரெண்டு வாரம் ஆகும். உங்க செடி ரெண்டு வாரம் தாங்காது. இதுவும் அதே வேலையைச் செய்யும். உங்களுக்கு இத நான் சொல்லித்தரணுமா? வாழ்நாள் முழுக்க இதுலயே பெரண்டவரு."

பை வாய் திறந்திருந்தது. உள்ளே வெள்ளை மணிகள், சர்க்கரையைவிடக் கொஞ்சம் மந்தமான வெள்ளை. வெடியுப்பு. முப்பது வருஷம் திருவிழா வாணவேடிக்கைக் குடிசையில் அவன் சலித்ததும் நிறுத்ததும் இதைத்தான். அவனுடைய விரல்கள் தாமாகவே மேசை ஓரத்திலிருந்து பின்வாங்கின.

"வேற ஏதாவது கொடு."

"வேற இல்லண்ணே."

"அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விஸ்டின் இலையைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டான்.

பன்னிரண்டு வருஷமாக அவன் அந்த உப்பைத் தொடவில்லை. குடிசை வெடித்ததோடு அந்த வேலையை விட்டவன், அந்தப் பக்கம் போகும் பாதையையும் விட்டான். வெடித்தபோது உள்ளே இருந்தது ஒரே ஆள்: அவன் மனைவி துமின்காவின் தம்பி லேலி. முப்பத்துநாலு வயது. அந்த வருஷத் திருவிழாவோடு வெடி வேலையை விட்டுவிடுகிறேன், கடைசி வாரம் குடிசைப் பக்கமே போகமாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தவன். அந்தக் கடைசி வாரத்தில்தான் போனான். அன்று அங்கே இருந்திருக்க வேண்டியது விஸ்டின், அவனுடைய முறை. "அவனாத்தான் வந்து கேட்டான், நான் போறேன் மச்சான்னு" என்று விஸ்டின் சொன்னான். விசாரித்தவர்களிடம் சொன்னான், பங்குச்சாமியிடம் சொன்னான், துமின்காவிடமும் சொன்னான். மற்றவர்களெல்லாம் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள். துமின்கா மறக்கவில்லை. நவம்பரில் ஊரே கல்லறைக்குப் பூவோடு போகும்போது அவள் தாய்க்கு ஒரு கொத்து, தகப்பனுக்கு ஒரு கொத்து வைத்துவிட்டுத் தம்பியின் கல்லைத் தாண்டி வந்துவிடுவாள். "வாக்குன்னா என்னன்னு தெரியாதவனுக்கு எதுக்குப் பூ?" என்பாள். பக்கத்தில் நிற்கும் விஸ்டினுக்கு அப்போதெல்லாம் ஷூ கயிற்றைக் கட்டுகிற வேலை வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தவன் ரொட்டி அடுப்புக்காரனிடம் கேட்டு வாங்கிய விறகுச் சாம்பலை நாலு தொட்டியிலும் கைகையாகத் தூவினான். சாம்பல் சத்து வேண்டுமென்றால் சாம்பல்தானே. குழாய்த் தண்ணீரில் உப்பு என்பதால் வீட்டுக்கு அடியிலிருந்த மழைக்கிணற்றிலிருந்து வாளிவாளியாக மொண்டு மாடிக்குச் சுமந்து ஊற்றினான். கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தீவின் மண்ணே பாதி சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் சாம்பல் விழுந்தால் வேர் வாயை மூடிக்கொள்ளும் என்பது வெடிக்காரனுக்கு எப்படித் தெரியும்? பத்து நாளில் நுனித் தளிர்கள் எலுமிச்சை நிறத்துக்குப் போயின. வெள்ளை நூல்கள் வந்த இடத்திலேயே நின்றன.

துமின்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கி போட்டது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை ஒரு பட்டை. கொப்புளம் ஆறித் தோல் சுத்தமாகிவிட்டது, நெருப்பு மட்டும் உள்ளே தங்கிவிட்டது. துணி உரசினால் துடிப்பாள். விஸ்டினின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இடப்பக்கத்தை எப்போதும் இரண்டு விரலால் தள்ளிப் பிடித்தபடியே நடப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தலை சுற்றிப் படியில் விழுந்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம், அதுவும் அரைமணி, கால்மணி. போன வருஷம் அந்த அரைப் பாட்டில் பூவை ஆலிவ் எண்ணெயில் காய்ச்சி நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டபோது, எண்ணெய் தீரும்வரை பத்தொன்பது நாள் அவள் கட்டிலில் படுத்துத் தூங்கினாள். பத்தொன்பது என்பதை எண்ணி வைத்திருந்தது விஸ்டின்தான். அவள் குறட்டை விட்டதைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். இந்த வருஷம் பூ நன்றாக வந்தால் குளிர்காலம் முழுவதும் தாங்கும். வராவிட்டால் மறுபடியும் நாற்காலிதான்.

இதெல்லாம் தெரிந்தும், ஒரு பை உப்பை வாங்கிவர அவனால் முடியவில்லை. இரண்டு முறை கடை வாசல்வரை போய்த் திரும்பினான்.

சனிக்கிழமை காலையில் அவன் முயல் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்கும் காலடி. துமின்கா மாடிக்கு வந்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வலது கையில் ஒரு பை தொங்கியது. செடிகளை மறைக்கக் கட்டியிருந்த சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு நாலு தொட்டியையும் சுற்றிப் பார்த்தாள்.

"காமாலை புடிச்ச மாதிரி இருக்கு."

"நீ எதுக்கு ஏறி வந்தே?"

"ரொவேனாவுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டா. சாம்பலக் கொட்டுனியா?"

"கொட்டுனேன்."

"இன்னும் கொஞ்சம் கொட்டியிருந்தா அடக்கமே பண்ணியிருக்கலாம்." அவள் பையைத் தரையில் வைத்தாள். "மேல் சாம்பல வழிச்சு எடுத்துட்டு, நல்ல தண்ணி விட்டு, இதக் கரைச்சு ஊத்தச் சொன்னா. இப்பவே ஊத்துனா பூ பொழைச்சுக்குமாம்."

பையின் வாய் திறந்திருந்தது. விஸ்டின் கையிலிருந்த குழாய் அவன் காலிலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"கடைக்கு நீயா போனே?"

"பின்ன? நடந்துதான் போனேன். சட்டையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நான் போனதப் பாத்து பக்கத்து வீட்டு நெக்குச்சாவோட பேரன் கோயில் கொடி ஊர்வலம் போகுதுன்னான்." சிரித்தாள். சிரித்தால் விலா இழுக்கும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "குழாய மூடு. நீ இதத் தொட வேண்டாம். நான் கலக்கறேன். உன்னால தொட முடியலேன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா உன்னோட படுத்து எழுந்திரிக்கறவ நான்."

"துமின்கா."

"அவன் பிடிவாதத்துக்கு நீ ஏன் வாழ்நாள் பூரா வேகணும்? நீயா அனுப்புனே? போகாதேன்னு நான் சொன்னேன், போகமாட்டேன்னு அவன் சொன்னான், அப்பறம் போனான். செத்தவனுக்குப் புத்தி இருந்திருந்தா இன்னிக்கு நீ ஒரு உப்பப் பாத்து நடுங்க வேண்டியதில்ல. அவன நான் மன்னிக்கமாட்டேன், அது வேற. ஆனா உன்ன இப்படிப் பாக்க முடியல."

அவள் சொன்னது அன்போடுதான். அந்த அன்புதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் இன்னும் பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பான்.

"அவன் கேக்கல" என்றான்.

"யாரு?"

"லேலி. அவனா வந்து கேக்கல. நான்தான் கேட்டேன். சாயந்திரம் படகுக்கார ஸாரென் வந்து, லம்பூக்கி மீன் கூட்டமா ஓடுது, விடியறதுக்குள்ள படகு எடுக்கறேன், வர்றியான்னான். மறுநாள் காலையில குடிசையில என் முறை. லேலிகிட்டப் போய் ஒரு நாள் மட்டும் பாத்துக்கோடான்னேன். அக்காகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன் மச்சான்னு சொன்னான். அக்காவுக்குத் தெரியவாப் போகுதுன்னு நான் சொன்னேன்."

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விஸ்டின் குனிந்து அதை மூடினான். மூடிய பிறகு ஏன் மூடினோம் என்றிருந்தது. அந்த அமைதியில் முயல்கள் கம்பியைக் கொறிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. துமின்கா அவனைப் பார்க்கவில்லை. மாடிச் சுவருக்கு அப்பால் கோயில் கோபுரத்தில் திருவிழாவுக்கு விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆளிடமிருந்து கண்ணை எடுக்காமலே, "அன்னிக்கு எத்தனை மீன் கெடச்சுது?" என்று கேட்டாள்.

அவன் எதிர்பார்த்த கேள்விகள் பலவற்றில் இது இல்லை. தெரியாது என்று சொல்ல நினைத்தான். தெரியும்.

"பதினொண்ணு."

"பதினொண்ணு" என்றாள் அவள். "கூடைய வாசல்ல வச்சுட்டு ஓடுனே. மூணு நாள் கழிச்சு நாத்தம் தாங்காம நாந்தான் தூக்கிட்டுப் போய்க் கொட்டுனேன். எண்ணிப் பாக்கல."

"நான் அப்பவே…"

"பன்னெண்டு நவம்பர் அவனத் திட்டியிருக்கேன். நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தே."

மன்னித்துவிடு என்ற சொல் விஸ்டினின் வாயில் வந்து, இவளிடம் கேட்பதா, கல்லுக்கடியில் கிடப்பவனிடம் கேட்பதா என்று தெரியாமல் அங்கேயே கிடந்தது.

துமின்கா செடியருகே இருந்த ஜாடியைக் காலால் இழுத்தாள். கிணற்றுத் தண்ணீர் பாதி இருந்தது.

"எவ்வளவு போடணும்?"

"நான் செய்யறேன், கொடு."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"ரொவேனா சொல்லலியா?"

"சொன்னா. மறந்துபோச்சு. இப்ப மறந்துபோச்சு."

"அந்தக் குவளையால ரெண்டு. கெட்டியாக் கரைச்சு வச்சுக்கிட்டு, வாளித் தண்ணிக்குக் கொஞ்சம் கொஞ்சமா…"

அவள் இரண்டு குவளை அள்ளிப் போட்டாள். தள்ளிப் பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். துணி இடப்பக்கத்தில் படிந்தபோது அவள் தாடை இறுகியது, ஆனால் துணியை விலக்கக் கையைத் தூக்கவில்லை. குச்சியைத் தேடாமல் வெறுங்கையை முழங்கைவரை ஜாடிக்குள் விட்டுச் சுற்றினாள். அடியில் மணிகள் நறநறவென்று அரைபட்டன.

சுற்றிக்கொண்டிருந்த கை மெதுவாக நின்றது.

"என்ன இது, ஐஸ் மாதிரி ஆகுது?"

"கரையும்போது அப்படித்தான் சில்லுன்னு ஆகும்" என்றான் விஸ்டின். குடிசையில் ஆகஸ்ட் வெயிலில் லேலி இந்தக் கரைசலில்தான் பீர் பாட்டிலை நட்டு வைப்பான், எடுத்து முதலில் மச்சான் கழுத்தில் ஒத்திவிட்டுத்தான் குடிப்பான். அதைச் சொல்ல வாயெடுத்து, தன் வாயிலிருந்து அந்தப் பெயர் வர இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

அவள் கையை உள்ளேயே வைத்திருந்தாள். ஜாடியின் வெளிப்புறத்தில் முத்துமுத்தாக வியர்த்து நீர் கோடாக இறங்கியது. பிறகு கையை வெளியே எடுத்தாள். சொட்டச் சொட்ட அந்தக் கையைச் சட்டைமேலேயே இடது விலாவில் வைத்து, இரண்டு வருஷமாக ஒரு நூல்கூடப் படக்கூடாதென்று காத்துவந்த இடத்தில் அழுத்தினாள். விஸ்டின் ஓரடி எடுத்து வைத்து நின்றான். அவள் கண்ணை மூடியிருந்தாள். வலிக்கிறதா, குளிர்கிறதா என்று அந்த முகத்திலிருந்து அவனால் படிக்க முடியவில்லை. விரல்களுக்கு அடியிலிருந்து ஈரம் மெல்ல முதுகுப் பக்கமாகப் பரவிக்கொண்டிருந்தது.